மடியில் கனம் வைக்கிறவர்கள்

'மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்' என்கிற பழமொழியை நம் தோழர்கள் இனி தலைமுழுகிவிட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரை வைரஸிலிருந்து காப்பது பற்றி நம் கூட்டங்களில் யாராவது வாயெடுத்தால் போதும், உடனே இந்தப் பழமொழியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எழுந்து நிற்கிறார். "நம்மகிட்ட மறைக்கிறதுக்கு இன்னா தோழர் இருக்குது? நாலு துண்டறிக்கை, பத்துக் கவிதை, அம்பேத்கர் பிறந்தநாள் போட்டோ. எவன் பாத்தா இன்னா?" கைதட்டல் விழுகிறது. பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

இந்தக் கைதட்டலோடுதான் எனக்குச் சண்டை.

இந்தப் பழமொழியைச் சொன்னவன் யாராக இருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். தன் மடி தனக்கே சொந்தம் என்ற உறுதியோடு பிறந்தவன் அவன். வழியில் மறித்து மடியில் கைவிடுகிறவன், இருப்பதை எடுக்கத்தான் கைவிடுவான் என்று நம்ப முடிந்தவன். இல்லாததை உள்ளே வைத்துவிட்டு, 'இதோ பார் கனம்' என்று தூக்கிக் காட்டுவான் என்பது அவன் புத்திக்கு எட்டவே எட்டாது. ஏனென்றால் அவனுக்கு அப்படி நடந்ததில்லை. சேரிக்கு வந்த போலீஸும் காட்டுக்கு வந்த ரேஞ்சரும் வெறும் கையோடு திரும்பிய கதை உங்களுக்கு எத்தனை தெரியும்? தேடி வந்தது கிடைக்காவிட்டால் கிடைக்கும்படி செய்துகொள்வார்கள். கஞ்சாப் பொட்டலம், சாராயக் கேன், திருட்டு மோட்டார்.

தூரத்து உதாரணம் வேண்டாம். கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால் நாமெல்லாம் ஒன்றாக இருந்த அதே தருமபுரி மாவட்டத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்களைச் சீரழித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். கடைசியில் கடத்தல் வழக்கு யார் மேல்? அடிபட்ட மக்கள் மேல். குற்றம் செய்தவர்கள் 269 பேர் என்று பட்டியலாகி, உயிரோடு மிஞ்சியிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி கோர்ட் சொல்ல 2011 செப்டம்பர் 29 ஆகிவிட்டது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-ல். முப்பத்தோரு வருஷம். 'மடியில் கனம் இல்லை' என்று நிரூபிக்க ஒரு தலைமுறை செத்துப் பிறக்க வேண்டியிருக்கிறது.

இப்போது மடியில் இருப்பது கணினி. பேரே மடிக்கணினி. அதில் கனம் வைக்க ஆள் வர வேண்டியதில்லை, ஜீப் வர வேண்டியதில்லை. ஒரு இமெயில் போதும். இது கற்பனை இல்லை, நடந்தது. அதுவும் தலித் நினைவுநாள் ஒன்றை ஒட்டியே நடந்தது.

*

1818 ஜனவரி 1-ல் பூனாவுக்குப் பக்கத்தில் பீமா ஆற்றங்கரையில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர் சிப்பாய்கள் பெருமளவு இருந்தார்கள். கோரேகான் நினைவுத்தூணில் அவர்கள் பெயர் உண்டு. 1927 ஜனவரி 1-ல் பாபாசாகேப் அங்கே போனார். அன்றிலிருந்து அது நம்முடைய இடம். இருநூறாவது ஆண்டான 2018 ஜனவரி 1-ல் லட்சக்கணக்கில் கூடிய மக்கள் தாக்கப்பட்டார்கள். முந்தின நாள் பூனா சனிவார்வாடாவில் எல்கார் பரிஷத் என்ற கூட்டம் நடந்திருந்தது. அடித்தவன் யார் என்று தொடங்க வேண்டிய விசாரணை, கூட்டம் போட்டவன் யார் என்று திரும்பி, பிரதமரைக் கொல்லச் சதி என்று முடிந்தது. பதினாறு பேர் கைது. அதில் சுரேந்திர காட்லிங் நாக்பூரின் தலித் வக்கீல். சுதீர் தவாலே தலித் பத்திரிகை நடத்தியவர். ஆனந்த் டெல்டும்டே உங்களில் பலர் படித்திருக்கிற ஆய்வாளர், அம்பேத்கர் குடும்பத்து மருமகன். அவர் சரணடைய வைக்கப்பட்ட நாள் 2020 ஏப்ரல் 14. நாளைக் கவனியுங்கள்.

இந்த வழக்கின் முதுகெலும்பு துப்பாக்கியோ வெடிகுண்டோ கிடையாது. கம்ப்யூட்டரில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள். 2018 ஏப்ரல் 17-ல் டில்லியில் ரோனா வில்சன் வீட்டிலும் நாக்பூரில் காட்லிங் வீட்டிலும் சோதனை போட்டு எடுத்துப்போன கம்ப்யூட்டர்களிலிருந்து வந்தவை. வில்சனின் ஹார்டுடிஸ்க் நகலை அவருடைய வக்கீல்கள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் உள்ள ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் முதல் அறிக்கை வந்தது. அதில் உள்ளதை நம் ஆட்கள் எழுத்துக்கூட்டியாவது படிக்க வேண்டும்.

2016 ஜூன் 13. வில்சனுக்கு வரவர ராவ் பெயருள்ள இமெயில் கணக்கிலிருந்து மெயில் வருகிறது. தெரிந்த மனிதர், மூத்த கவிஞர். இந்த ஆவணத்தைத் திறந்து பாருங்கள் என்று வற்புறுத்துகிறது மெயில். வில்சன் திறக்கிறார். கண்ணுக்கு ஏதோ ஒரு ஆவணம் தெரிகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் நெட்வயர் என்ற சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. அன்று முதல் 22 மாதம் அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு முதலாளி. என்ன தட்டச்சு செய்கிறார், எந்த பாஸ்வேர்டு போடுகிறார், எல்லாம் வெளியே போகிறது. வெளியிலிருந்து ஃபைல்கள் உள்ளே வருகின்றன. மறைவாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் பத்துக் கடிதங்களாவது வைக்கப்பட்டன. அவற்றை வில்சனின் கம்ப்யூட்டரில் யாரும் ஒருதடவைகூடத் திறந்ததற்கு அடையாளம் இல்லை. வில்சனிடம் இருந்தது வேர்டு 2007; கடிதங்களில் சில அதைவிடப் புதிய வேர்டில் தயாரானவை. கடைசி வேலை நடந்த தேதி 2018 ஏப்ரல் 16. மறுநாள் கதவைத் தட்டுகிறது போலீஸ்.

அமெரிக்கப் பத்திரிகை 'வாஷிங்டன் போஸ்ட்' இந்த அறிக்கையை வேறு மூன்று நிபுணர்களிடம் காட்டிக் கேட்டது. முடிவு செல்லும் என்றார்கள் அவர்கள். காட்லிங் கம்ப்யூட்டரும் இருபது மாதம் இதே கதியில் இருந்தது என்று அதே வருஷம் ஜூலையில் தெரியவந்தது. என்.ஐ.ஏ. இதையெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை, தனியார் அறிக்கை என்று தள்ளியது. வைத்தது யார் என்று ஆர்சனலும் பெயர் சொல்லவில்லை. சொல்லியவர்கள் வேறு. 2022-ல் சென்டினல்ஒன் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 2012-லிருந்தே இந்தியச் செயற்பாட்டாளர்களையும் வக்கீல்களையும் பேராசிரியர்களையும் இப்படி மெயில் தூண்டில் போட்டு வேட்டையாடும் ஒரு கும்பலின் தடத்தை வெளியிட்டார்கள். அதன் வேலைகள் இந்திய அரசின் நலனோடு ஒட்டிப்போவதாகவும் எழுதினார்கள். அதே ஆண்டு ஜூனில் 'வயர்டு' பத்திரிகையில் இன்னொரு தடயம் வந்தது. வில்சன், வரவர ராவ், ஹனி பாபு மூவரின் கைப்பற்றப்பட்ட இமெயில் கணக்குகளில், கணக்கை மீட்பதற்கான முகவரியும் போன் நம்பருமாகப் பிறகு சேர்க்கப்பட்டவை பூனா போலீஸ் அதிகாரி ஒருவரோடு தொடர்புள்ளவையாம்! பூட்டை உடைத்தவன் சாவிக்கொத்தில் தன் பெயரையே எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி.

ஸ்டான் சாமி நம்முடைய ஆள். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்த தமிழர். ஓசூரைத் தாண்டினால் வருகிற பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராகப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தவர். பிறகு ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு கலந்துவிட்டார். 2020 அக்டோபரில் கைதாவதற்கு இரண்டு நாள் முன்பு வீடியோவில் பேசினார். என் கம்ப்யூட்டரில் கிடைத்ததாகச் சில பகுதிகளைக் காட்டினார்கள், அவை திருட்டுத்தனமாக உள்ளே வைக்கப்பட்ட பொய்கள், எனக்குச் சொந்தமில்லை என்று சொன்னேன் என்றார். எண்பத்து மூன்று வயது, பார்க்கின்சன் நோய், டம்ளரைப் பிடிக்கக் கை நிற்காது. உறிஞ்சுகுழல் கேட்டு மனு போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ.வுக்கு இருபது நாள் கொடுக்கப்பட்டது. 2021 ஜூலை 5-ல் ஜாமீன் கிடைக்காமலே செத்துப்போனார். 2022 டிசம்பரில் வந்தது ஆர்சனல் அறிக்கை. 2014 அக்டோபரிலிருந்து 2019 ஜூனில் பறிமுதலாகும் வரை அவர் கம்ப்யூட்டர் அந்நியன் கையில் இருந்திருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஃபைல்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. பறிமுதலுக்கு முந்தின இரவு தடயத்தை அழிக்கும் வேலையும் நடந்திருக்கிறது. கிழவர் சொன்னதைத்தான் அறிக்கையும் சொன்னது. கேட்கத்தான் அவர் இல்லை.

இப்போது சொல்லுங்கள் தோழரே, ஸ்டான் சாமியின் மடியில் என்ன கனம் இருந்தது?

*

அடுத்த சண்டை 'சுத்தம்' பற்றிப் பேசுகிறவர்களோடு.

வைரஸ் பற்றிய பத்திரிகை அறிவுரைகளைப் படித்துப் பாருங்கள். 'தொற்று', 'சுத்தம்', 'தொடாதீர்கள்', 'தெரியாதவர்களிடமிருந்து வருவதைத் திறக்காதீர்கள்', 'தனிமைப்படுத்துங்கள்'. இந்த மொழியை நமக்குப் புதிதாகவா சொல்லிக்கொடுக்க வேண்டும்? அக்ரகாரத்தில் 'மடி' என்றால் வேறு பொருள். குளித்துவிட்டு யாரையும் தொடாமல் இருப்பது மடி. கம்ப்யூட்டர் பாதுகாப்பையும் இவர்கள் மடி ஆசாரமாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் சுத்தம், வெளியிலிருந்து வருவது தீட்டு, தெரிந்த இடத்துத் தண்ணீர் குடி, தெரியாத கையைத் தொடாதே.

சாதியப் புத்தி பாதுகாப்புக்கு உதவாது என்பதற்கு வில்சனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அவருக்குத் தெரியாதவன் மெயில் அனுப்பவில்லை; தெரிந்தவர் பெயரில்தான் வந்தது. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிவந்த 'ஐ லவ் யூ' வைரஸும் இப்படியே. பாதிக்கப்பட்டவனின் முகவரிப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அவன் பெயரிலேயே காதல் கடிதம் போனது. ஆக, பெயரையும் உறவையும் பார்த்து நம்புகிறவன்தான் முதலில் மாட்டுகிறான். பிறப்பைப் பார்த்து மனிதனை எடைபோடுவது எப்படி அயோக்கியத்தனமோ, அனுப்பியவர் பெயரைப் பார்த்து அட்டாச்மெண்டை எடைபோடுவது அப்படியே முட்டாள்தனம். வந்த பொருளைப் பார். யார் அனுப்பியிருந்தாலும் ஒரே சோதனை. மாவட்டச் செயலாளர் அனுப்பினாலும் அதே சோதனை, நான் அனுப்பினாலும் அதே சோதனை. சமத்துவம் என்று மேடையில் பேசுகிறோமே, இங்கே கொஞ்சம் கடைப்பிடித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று. வைரஸ் என்ற சொல்லே ஒரு ஏமாற்று. காற்றில் வருகிற காய்ச்சல் மாதிரி, யாருடைய குற்றமும் இல்லாதது மாதிரி ஒரு தொனி. கம்ப்யூட்டரில் தானாக முளைத்த வைரஸ் ஒன்று கிடையாது. ஒவ்வொன்றையும் ஒருவன் உட்கார்ந்து எழுதினான், ஒருவன் விற்றான், ஒருவன் காசு கொடுத்து வாங்கினான். நெட்வயரை இணையதளத்தில் கடை விரித்து வெளிப்படையாகவே விற்றார்கள். 2023 மார்ச்சில் குரோஷியாவில் ஆளைப் பிடித்து, அமெரிக்காவில் அந்தத் தளத்தை முடக்கும் வரை வியாபாரம் நடந்தது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் பெகாசஸை அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்பதாகத் தானே சொல்லிக்கொள்கிறது. 2021-ல் அது இந்தியாவில் வெடித்தபோது, வாங்கினீர்களா இல்லையா என்ற ஒற்றை வரிக் கேள்விக்கு ஒன்றிய அரசு நேராகப் பதில் சொல்லவில்லை. உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்து, ஐந்தில் ஏதோ கெட்ட சாஃப்ட்வேர் உண்டு, பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் அந்தக் குழுவே சொன்னது. நோய் என்று சொல்லிவிட்டால் நோயாளியைக் குற்றம் சொல்லலாம்: 'நீ சுத்தமாக இல்லை'. தாக்குதல் என்று சொன்னால் தாக்கியவன் யார் என்று கேட்க வேண்டிவரும். அதனால்தான் நோய் என்கிறார்கள்.

*

சரி, நம் வீடுகளில் கம்ப்யூட்டர் எந்த நிலையில் இருக்கிறது?

நான் வேப்பனப்பள்ளியில் வங்கிக் குமாஸ்தா. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே வரிசையில் நின்று பாஸ்புக் நீட்டுகிற ஊர். காலனிப் பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். முக்கால்வாசி அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டம். அக்கா படித்து, தம்பி படித்து, இப்போது அக்கா மகன் கையில். இதை இளக்காரமாகப் பேசுகிறவன் பேசட்டும். நம் தெருவுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்ததே அப்படித்தான்.

ஆனால் அதில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் சாதாரண ஆதரவு முடிந்தது. திருத்தம் நின்ற கம்ப்யூட்டர் என்பது ஓட்டை எங்கே என்று ஊருக்கே தெரிந்த, ஆனால் யாரும் அடைக்க வராத சுவர். பூனா வழக்குக் கும்பல் பயன்படுத்தியவையும் வேர்டில் ஏற்கெனவே தெரிந்த, திருத்தம் வெளிவந்துவிட்ட ஓட்டைகள்தான் என்கிறது சென்டினல்ஒன். 2017 மே மாதத்தில் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் ஆலைகளையும் முடக்கிய வான்னக்ரையும் அப்படியே. திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள்.

காசு இல்லாததால் நாம் கடைக்காரர் போட்டுத் தருகிற 'கிராக்' விண்டோஸில் வாழ்கிறோம். இருநூறு ரூபாய்க்கு எல்லாமே கிடைக்கும். கிராக் போடும்போது முதல் வேலை ஆன்ட்டிவைரஸை அணைப்பது. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் திருட்டுச் சாவி செய்பவனை உள்ளே கூப்பிடுகிறோம். பிறகு பென்டிரைவ். பயோடேட்டா பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்தால் ஃபைல் எல்லாம் குறுக்குவழிப் படமாக மாறிக் கிடக்கும். உடனே வீட்டில் செருகுவான். அங்கிருந்து இயக்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வரும். நம் மாநாட்டு மலர் ஒவ்வொன்றும் எத்தனை பென்டிரைவ்களைத் தாண்டி அச்சுக்குப் போயிருக்கிறது என்று கணக்கெடுங்கள்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்ப்பது வேறு வகை. "தம்பி, போன்ல ஏதோ வந்துச்சுனு பேரன் தொட்டானாம், நூறுநாள் வேலைப் பணம் பூரா காணம்பா" என்று நிற்கிறாள் ஒரு கிழவி. வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் அரசாங்கத் திட்டம் என்றும் வருகிற ஏ.பி.கே. ஃபைல். தொட்டால் போனுக்கு வரும் ஓ.டி.பி.யைத் திருடிவிடும். இன்னொரு பக்கம் படித்த பையன்கள். "உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றோம்" என்று எவனோ கேட்க, கொடுத்துவிடுகிறார்கள். திருட்டுப் பணம் அந்த வழியாகப் பாய்கிறது. கணக்கு முடக்கப்படுகிறது, வேறு மாநிலப் போலீஸ் பெயரைக் கேட்டு வருகிறது. திருடியவன் எங்கோ இருக்கிறான். குற்றவாளிப் பட்டியலில் காலனிப் பையன் பேர். இதுவும் மடியில் கனம் வைப்பதுதான். வக்கீலுக்குக் கடிதம் வைத்தார்கள், நம் பையனுக்குப் பணம் வைக்கிறார்கள்.

இதற்கு மேலிருந்து கிடைப்பது 'விழிப்புணர்வு' முகாம். ஒரு பேனர், ஒரு டீ, 'மக்களே உஷார்' என்று பேச்சு. ஏமாந்தவர் பேராசைக்காரர், அதனால் ஏமாந்தார் என்று முடிப்பார்கள். எல்லாவற்றையும் ஆதாரோடும் போனோடும் கட்டிப்போட்டவர்கள், அந்தப் போனில் பணம் போனால் 'நீதான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்' என்கிறார்கள்.

*

இதற்குப் பதிலாக நம்மில் சிலர் முன்வைப்பது துறவு. கம்ப்யூட்டரே வேண்டாம், பழையபடி கையெழுத்து, போஸ்ட் கார்டு, நேர்ச்சந்திப்பு. காதல் கொஞ்சுகிற யோசனை. நூற்றாண்டுகளாகக் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏட்டுக்கும் வெளியே நிற்க வைக்கப்பட்டவன், இப்போது தானாகவே வெளியே போய் நிற்க வேண்டுமாம். மாட்டேன். கருவியைக் கற்றுக்கொள்வோம், பூட்டுப் போட்டு வைத்துக்கொள்வோம். பூட்டுப் போடுவது எப்படி என்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. வங்கியில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்காது. மேனேஜர் அயோக்கியர் என்பதற்காக அந்த ஏற்பாடு இல்லை. யாரையும் சந்தேகப்படாமலே எல்லோரையும் கட்டுப்படுத்துகிற ஏற்பாடு அது. இயக்கத்துக்கும் அதுவே வேண்டும்.

முதலாவது, இமெயில் கணக்குக்கு இரண்டு சாவி. பாஸ்வேர்டு ஒன்று, போனில் வருகிற இரண்டாம் சோதனை ஒன்று. ஒரே பாஸ்வேர்டை எல்லாக் கணக்குக்கும் போடாதீர்கள். முக்கியமாக, இன்று ராத்திரியே உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், மீட்பு முகவரி, மீட்பு போன் நம்பர் என்று இருப்பதைப் படியுங்கள். அது உங்கள் நம்பர்தானா? எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள். பூனா கதையில் கனம் வைத்தவனின் விரல்ரேகை கிடைத்த இடம் இதுதான்.

இரண்டாவது, அட்டாச்மெண்ட். ராரோ, ஜிப்போ, வேர்டு ஃபைலோ, திறந்து பார் என்று அவசரப்படுத்துகிற எதையும், அனுப்பியவருக்குப் போன் போட்டு நேரில் குரல் கேட்ட பிறகே திறப்பது. அதே மெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்பது வீண். பதில் எழுதுகிறவனும் அவனாகவே இருக்கலாம். அறிக்கைகளை மெயிலின் உடம்பிலேயே ஒட்டி அனுப்பும் வழக்கத்தை இயக்கம் கொண்டுவரலாம். ஃபைல் பெயரின் கடைசி எழுத்துக்களைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றி வையுங்கள். 'தீர்மானம்.பி.டி.எஃப்.' என்று கண்ணுக்குத் தெரிவது, முழுப்பேர் தெரிந்தால் 'தீர்மானம்.பி.டி.எஃப்.இ.எக்ஸ்.இ.' என்று பல்லிளிக்கும்.

மூன்றாவது, கிராக்கை விட்டொழிப்பது. பழைய மடிக்கணினி புது விண்டோஸைத் தாங்காது என்றால் லினக்ஸ் போடலாம். உபுண்டு, மின்ட் இரண்டும் இலவசம், திருத்தங்களும் இலவசம், தமிழும் அடிக்கலாம். தொடக்க காலத்து அரசு மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை. ஆதரவுள்ள விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அதனோடு வரும் டிஃபெண்டரே பெரும்பாலும் போதும், யாரும் அதை அணைக்காமல் இருந்தால். அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் நிறுவுவதற்கு முன் அது பாஸ்வேர்டு கேட்கும். கேட்கிற அந்த நொடியில் யோசிக்கலாம்.

நான்காவது, நகல். 2012 நவம்பர் 7-ல் தருமபுரி நத்தம் காலனியில் தீ வைத்தபோது வீட்டோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. நமக்கு நகல் என்பது ஆடம்பரம் இல்லை. முக்கியமான எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்; ஒன்று வேறு ஊரில், வேறு தோழர் வீட்டில், பாஸ்வேர்டு போட்டு. பணம் கொடுத்தால்தான் ஃபைலைத் திறப்பேன் என்று பூட்டுகிற வைரஸ்களுக்கும் இதுவே மருந்து. பணம் போய்விட்டால் நாள் கடத்தாமல் 1930-க்குப் போன் போடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நடுவழியில் மறிக்க வாய்ப்பு.

ஐந்தாவது, சோதனை போட வந்தால். எதை எடுத்தார்கள் என்று வரிசை எண்ணோடு பட்டியல் கேளுங்கள். உங்கள் கண் முன்னால் உறையிட்டு சீல் வைக்கச் சொல்லுங்கள். 'ஹாஷ்' மதிப்பு கேளுங்கள். ஒரு டிஸ்கில் உள்ள அத்தனையையும் கணக்குப்போட்டு வருகிற நீளமான எண் அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ரொக்கக் கட்டில் நாங்கள் போடுகிற கையெழுத்துச் சீட்டு மாதிரி. பறிமுதல் அன்று எழுதி வாங்கிவிட்டால், பிறகு ஸ்டேஷனில் கைவைத்தால் தெரிந்துவிடும். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவின்படி தர வேண்டிய சான்றிதழிலேயே ஹாஷ் மதிப்புக்கு இடம் உண்டு. டிஸ்கின் நகலைக் கேட்பதும் உரிமை. நகல் கிடைத்ததால்தான் வில்சன் தரப்பு உண்மையைத் தோண்ட முடிந்தது. ஆனால் ஹாஷ் பறிமுதலுக்குப் பிறகுதான் காக்கும். பறிமுதலுக்கு முன்பே உள்ளே வைத்துவிட்டால் அந்த எண்ணும் பொய்யைத்தான் பத்திரமாகக் காக்கும். அதனால்தான் முதல் நான்கும்.

இதில் எதுவும் தனி ஆள் வேலை இல்லை. ஒருவன் பூட்டிவைத்து பக்கத்துத் தோழன் திறந்துபோட்டால், திறந்த வீட்டின் வழியாகவே உள்ளே வருவான். வரவர ராவின் கணக்கு வழியாகத்தானே வில்சனுக்கு வந்தது. அரசே நேராக இறங்கினால் இவையெல்லாம் தாங்காது என்று கேட்பவர்கள் உண்டு. பெகாசஸுக்கு முன்னால் தாங்காமல் போகலாம். ஆனால் ஸ்டான் சாமி வரை போன ஆயுதம் பெகாசஸ் இல்லை. கடையில் விற்ற மட்டமான சரக்கும், ஒரு மெயிலும், ஒரு அவசரச் சொடுக்கும். மட்டமான சரக்கே போதும் என்கிற நிலையில் நாம் இருக்கிறோமே, அதுதான் வெட்கம்.

நூற்றாண்டுகளாக நம்மை எழுதாதே என்றார்கள். எழுதினால் கையை வெட்டுவேன் என்றார்கள். அதையும் மீறி எழுதக் கற்று, துண்டறிக்கையும் கவிதையும் சுயசரிதையும் எழுதிவிட்டோம். எழுத்தைத் தடுக்க முடியாதவர்கள் இப்போது நம் பெயரில் தாங்களே எழுதுகிறார்கள். நாம் எழுதாத கடிதம், நம் நடையில் இல்லாத வாக்கியம், நம் கையெழுத்தாகக் கோர்ட்டில் வாசிக்கப்படுகிறது. கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதைவிடப் பெரிய அவமானம் தெரியவில்லை. பறித்த நிலத்தைக் கேட்கிறோம், பறித்த இடஒதுக்கீட்டைக் கேட்கிறோம். நம் பெயரில் நாம் மட்டுமே எழுதுகிற உரிமையும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் பழமொழி சொல்ல எழுந்திருக்கிற தோழரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். 'அண்ணா, உங்க மெயில்ல மீட்பு நம்பர்னு போட்டிருக்கே, அது யாரோட நம்பர்?' பதில் தெரியாவிட்டால் அவரை உட்கார வைத்துவிட்டு, அன்றைய முதல் தீர்மானமாக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.